கையெழுத்து வைக்காத மாதம்

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால் மணி. அந்த நேரத்தில்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. உண்மையில் அதற்கு முன்னரே பிழையாகிவிட்டது. எங்களுக்குத் தெரிய வந்தது அப்போதுதான்.

என் கணவரும் நானும் நாங்கள் குடியிருந்த தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஒஃபிஸில் நின்றோம். அவர் முழுகித் திருநீறு பூசி, குளிர் கோட்டுக்குள்ளே வெள்ளைச் சேட் போட்டிருந்தார். நாலரைக்குப் பிறகு நல்ல நேரம் என்று பஞ்சாங்கம் சொன்னது. ஐந்து மணிக்கு ஒஃபிஸைப் பூட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் இடையில் வாடகை ஒப்பந்தமான லீஸை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துக் கையெழுத்து வைத்துவிட்டு மேலே போய்த் தேத்தண்ணி குடிப்பதாக இருந்தோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எங்கள் கதவிலக்கத்தைக் கேட்டுக் கணினியில் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நீங்கள் பெப்ரவரி முடிய வெளியேறுகிறீர்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை, நீட்டிக்க வந்திருக்கிறோம் என்றேன்.

டிசம்பர் முடிவதற்குள் கையெழுத்து வைத்திருக்க வேண்டும், நீங்கள் வைக்கவில்லை, அதனால் வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, மார்ச் முதலாம் திகதி அவர்கள் வருகிறார்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என் கணவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஆனால் கெட்ட செய்தியாக இருந்தால் என்னிடம் ஒருமுறை தமிழில் கேட்பார்.

"என்னவாம்?"

"வீட்டை வேற ஆக்களுக்குக் குடுத்திட்டினமாம்."

"எந்த வீட்டை?"

"எங்கட வீட்டை."

அவர் சேட் பொக்கற்றிலிருந்து பேனாவை எடுத்தார். எதற்கென்று தெரியவில்லை. திரும்பவும் பொக்கற்றுக்குள் வைத்தார். அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

லீஸை நீட்டிக்கும்படி கட்டடத்துக்காரர் அனுப்பிய பேப்பர் டிசம்பர் தொடக்கத்திலேயே எங்களுக்கு வந்திருந்தது. முன்னைய இரண்டு வருடங்களும் வந்த அன்றே கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். இந்த முறை பேப்பர் குசினி மேசையில் கிடந்த வாரத்தில் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் மாமா, என் கணவரின் தகப்பன், காலமாகிவிட்டார். கொழும்புக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் அங்கே காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. என் கணவர் மூத்த பிள்ளை. கொள்ளி வைக்க அவர் அங்கே இல்லை. தகப்பனுக்குச் செய்ய முடிந்ததெல்லாம் துடக்குக் காப்பது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதனால் அதை ஊரில் இருந்திருந்தால் காத்திருப்பதைவிடக் கடுமையாகக் காத்தார். முப்பத்தொரு நாள். மச்சம் மாமிசம் இல்லை, கோயில் இல்லை, சவரம் இல்லை, நல்ல காரியம் எதுவும் இல்லை. சுவரில் மாமாவின் படத்தை மாட்டி, கீழே ஒரு சிறு விளக்கு. புகை மணி அடிக்கும் என்று சாம்பிராணியைக் குளியலறையில் கொளுத்தி மணத்தை மட்டும் கையால் விசிறி வெளியே விட்டோம்.

"இஞ்சருங்கோ, உந்தப் பேப்பரில கையெழுத்து வைக்கோணும். மாதம் முடிய முதல் குடுக்கச் சொல்லிக் கிடக்கு" என்றேன் ஒருநாள்.

"உமக்கென்ன விசரே? ஐயா செத்து முப்பத்தொண்டு அந்தியேட்டி முடியேல்லை. துடக்கோட ஒரு வீட்டுக் காரியத்தில கை வைக்கலாமே?"

"இது வீடு வாங்கிறதில்லையப்பா. இருக்கிற வீட்டில இருக்கிறது."

"இருக்கிற வீட்டில இருக்கிறதுக்கு ஏன் கையெழுத்து?"

நான் ஊரில் கணிதம் படிப்பித்தவள். கனடாவில் ஒரு பேப்பருக்கும் ஊரில் நடந்த சாவுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பரம்பரையில் துடக்கோடு காணி உறுதி முடித்தவர்கள் யாரும் இல்லை. அந்த வீட்டில் பிறகு ஏதாவது நடந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அந்தக் கையெழுத்து ஞாபகத்துக்கு வரும். அப்படி ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இருக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஆகவே ஒஃபிஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். டிசம்பர் கடைசி, நத்தார் வாரம். பழக்கமில்லாத ஒரு பெண் குரல். எங்கள் வீட்டில் ஒரு மரணம், என் கணவரால் இந்த மாதம் கையெழுத்து வைக்க முடியாது, அடுத்த மாதம் நடுவில் வருவோம் என்றேன். அந்தக் குரல் மிகவும் இரங்கியது. அவசரப்பட வேண்டாம், உங்களுக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் கந்தோர் மேசைக்குப் பின்னால் இருப்பவர் "ஆறுதலா வாங்கோ" என்றால் அது அனுமதி. இங்கே அது அனுதாபம் மட்டுமே என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண் விடுமுறைக்கு ஆள் இல்லாமல் இரண்டு வாரத்துக்குக் கூப்பிடப்பட்டவள் என்பதும், அவள் யாரிடமும் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பதும் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

ஒரு வீடு போனால் இன்னொரு வீடு என்று இப்போது யாரும் சொல்லலாம். நாங்கள் முதலில் பார்க்டேலில் ஓர் அறை வீட்டில் இருந்துவிட்டு ஸ்காபரோவுக்கு வந்தபோது அப்படித்தான் வந்தோம். அப்போது என் கணவருக்குப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. வேலைக் கடிதத்தைக் காட்டினோம், வீட்டுத் திறப்பைத் தந்தார்கள். அந்தத் தொழிற்சாலையை இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள். நான் படச்சட்டம் செய்யும் இடத்தில் ஏஜென்சி மூலம் வேலை செய்தேன். ஏஜென்சிக்காரர் கடிதம் தரமாட்டார்கள். இருக்கும் வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு யாரும் எங்களிடம் வேலைக் கடிதம் கேட்கப் போவதில்லை. புதிய வீடு என்றால் முதல் கேள்வியே அதுதான். இந்த நகரத்தில் எங்களை உள்ளே விடக்கூடிய ஒரே கதவு, நாங்கள் ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்த கதவு.

இரண்டு கிழமைகள் அலைந்தோம். அஜின்கோர்ட்டில் நான்கு கட்டடங்கள் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் முதலில் சிரித்தார்கள், பிறகு வேலைக் கடிதம் எங்கே என்றார்கள். நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் என் கணவரிடம், "அண்ணை, எங்கட கடையில வேலை எண்டு நான் ஒரு கடிதம் தரலாம். ஆனா அவங்கள் ஃபோன் அடிச்சுக் கேட்டா, கல்லாவில நிக்கிற என்ர மனுசி உள்ளதைச் சொல்லிப்போடுவள். அவளுக்குப் பொய் வராது, எனக்குத்தான் அந்த வரம்" என்றார். என் கணவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

என் கணவரின் தங்கைச்சி குடும்பம் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் இருந்தது. "எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு, அண்ணை. வந்து இருங்கோவன்" என்றாள் மச்சாள். உண்மையான மனதோடுதான் சொன்னாள். ஆனால் அங்கே காரில்லாமல் பால் வாங்கவும் போக முடியாது. ஏஜென்சி வான் என்னை விடியற்காலையில் எங்கள் மூலையிலிருந்துதான் ஏற்றிச் சென்றது. அங்கே போனால் என் வேலையும் போகும். மகளுக்கு அது கடைசி வருடம். அவள் புள்ளிகளைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும். ஆறு வருடங்களில் மூன்று பாடசாலை மாறியவள். நடுவில் நான்காவதற்குப் போ என்று அவளிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது?

பெப்ரவரி இரண்டாம் கிழமை கட்டடத்தின் சூப்பர், அதாவது திருத்த வேலைகளையும் திறப்புகளையும் பார்த்துக்கொள்பவர், கதவைத் தட்டினார். புதிய குடித்தனக்காரர் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார். அவருக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி. பெண் பிள்ளைத்தாய்ச்சி. அந்தப் பெண்பிள்ளையின் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழ் என்று தெரிந்துவிட்டது. வேறு யாராவது வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறுத்திருப்பேன்.

அவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அந்தப் பிள்ளை யன்னல் சீலைக்குக் கையால் அகலம் பார்த்தாள். அவள் கணவன், அந்தப் பொடியன், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் கணவரிடம் கேட்டான்:

"அப்ப, நீங்கள் வீடு வாங்கிட்டியளோ அண்ணை?"

தொடர்மாடியைவிட்டுப் போகிற தமிழர் எல்லாரும் வீடு வாங்கித்தான் போவார்கள் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அவன் குத்திக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஓம், பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றார் என் கணவர். "மார்க்கம் பக்கம்."

நான் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணி போடுகிற சாக்கு. அந்தப் பிள்ளை என் பின்னால் வந்து, "நாங்கள் இப்ப இருக்கிறது பேஸ்மென்ற் அக்கா. மழை பெய்தா தண்ணி வரும். பிள்ளை பிறக்க முதல் மேல வந்திடோணும் எண்டு இவர் நிக்கிறார். உங்கட கை ராசி, எங்களுக்கும் ஒரு வீடு வாங்கிற காலம் வரட்டும்" என்றாள். அவளுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்.

அவர்கள் போனதும் மகள் அறையிலிருந்து வந்தாள்.

"ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்?"

"பின்ன? எங்களைக் கலைக்கிறாங்கள் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

"அதுதானே நடக்குது."

"அவன் நாளைக்குக் கோயிலில நிண்டு நாலு பேருக்குச் சொல்லுவான்."

"இப்ப நீங்கள் மார்க்கத்தில வீடு வாங்கினதையும் நாலு பேருக்குச் சொல்லுவான். பிறகு என்ன செய்வியள்? வாங்கப் போறீங்களோ?"

அந்தப் பொய் அன்றிலிருந்து எங்களைக் கட்டிப்போட்டது. உண்மையைச் சொல்லி அந்தத் தம்பதியிடமே வேறு வீடு பார்ப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் வெளியே வரும். கேட்காவிட்டால் வீடு போகும். என் கணவர் மறுநாள் மரக்கறிக் கடையிலிருந்து வாழைப்பழப் பெட்டிகளைக் கொண்டுவந்து சாமான் கட்டத் தொடங்கினார். எங்கே போவதற்கு என்று நான் கேட்டபோது, "தங்கைச்சி வீட்டை" என்றார். மச்சாளுக்கு வருகிறோம் என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மகள் தன்பாட்டுக்கு வேறொன்று செய்தாள். பாடசாலையில் ஓர் ஆசிரியையிடம் கேட்டு, வாடகைக்காரருக்கு இலவசமாக உதவும் சட்ட நிலையம் ஒன்றுக்கு ரெலிபோன் எடுத்தாள். மேசையில் வந்து இருந்து எங்கள் இருவருக்கும் படிப்பித்தாள்.

"லீஸ் முடிஞ்சா வெளியில போகோணும் எண்டு இஞ்ச சட்டம் இல்லையாம். கையெழுத்து வைக்காட்டியும் மாதத்துக்கு மாதம் இருக்கலாமாம். நாங்கள் போறம் எண்டு எழுதிக் குடுத்தனாங்களோ? இல்லைத்தானே? அப்ப ஒரு ஜட்ஜ் சொன்னா ஒழிய ஒருத்தரும் எங்களை எழுப்பேலாது."

"ஜட்ஜோ?" என்றார் என் கணவர். "கோடு கச்சேரி எண்டு போனா எங்களுக்குச் சிற்றிசன்ஷிப் குடுக்கிறதை நிப்பாட்டிப் போடுவாங்கள். ஃபைல் உள்ளுக்கக் கிடக்கு."

"அப்பா, அது கிரிமினல் கோட் இல்லை. இட்ஸ் ஜஸ்ட் அபௌட் ரென்ட்."

"கோடு எண்டாக் கோடுதான்."

"அவை எங்களுக்காக ஒஃபிஸோட கதைக்கினமாம். ஃப்றீயா."

"சட்டத்தை நம்பித்தான் நாங்கள் அங்க ஊரிலயும் இருந்தனாங்கள்."

நான் அவளோடு நிற்கவும் இல்லை, அவரோடு நிற்கவும் இல்லை. சட்டம் அவள் பக்கம் என்று என் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் கதவைத் தட்டுகிறவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமே. எங்கள் அனுபவத்தில் அது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கடைசிக் கிழமையில் வீடு நடுவால் பிளந்து கிடந்தது. விறாந்தையிலும் எங்கள் அறையிலும் எல்லாம் பெட்டிக்குள். மகளின் அறையில் ஒரு புத்தகம்கூட அசையவில்லை. குசினியில் ஒரு பானை, ஒரு சட்டி, மூன்று கோப்பை மட்டும் வெளியே. மாமாவின் படத்தை என் கணவர் இரண்டு தரம் கழற்றி இரண்டு தரமும் திரும்ப மாட்டினார். பெட்டிக்குள் போட மனமில்லை. நான் சமைக்கும்போது உப்பு எந்தப் பெட்டியில் என்று தேடுவேன். கண்டுபிடித்தால் திரும்பக் கட்ட வேண்டும், ஆகையால் உப்பில்லாமலே சாப்பிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

ஒஃபிஸிலிருந்து ரெலிபோன் வரத் தொடங்கியது. திறப்பை எப்போது தருவீர்கள் என்றுதான் கேட்கப் போகிறார்கள் என்று என் கணவர் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். மகள் கத்தினாள். சட்ட நிலையத்தவர்கள் எடுத்தால் எப்படித் தெரியும் என்றாள். அவர் வயரைச் சுருட்டிக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். அவள் பாடசாலையிலிருந்து சட்ட நிலையத்துக்கு எடுத்தபோது எங்கள் விஷயத்தைப் பார்த்த உத்தியோகத்தர் அங்கே இல்லை. கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: எந்தக் காரணத்துக்கும் வீட்டை வெறுமையாக விட்டுப் போக வேண்டாம். ஆளில்லாத நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டால், நியாயம் எங்கள் பக்கம் இருந்தாலும், வெளியில் நின்றுதான் வழக்குப் பேச வேண்டியிருக்கும்.

அது எனக்குள் இறங்கிவிட்டது. பெப்ரவரி கடைசி நாள், வெள்ளிக்கிழமை, நான் ஏஜென்சி வானுக்குப் போகவில்லை. மகள் பாடசாலைக்குப் போகவில்லை. என் கணவர் பால் வாங்கப் போக வெளிக்கிட்டவர், கதவடியில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று பேரும் உள்ளே. கதவுக்குச் சங்கிலி. வெறும் தேத்தண்ணி குடித்தோம். வெளியேற முடியாமல் அடைபட்டிருந்தோமா, வெளியேற்றப்படாமல் இருக்க அடைத்துக்கொண்டோமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

மத்தியானம் போல யாரோ கதவைத் தட்டினார்கள். என் கணவர் உதட்டில் விரல் வைத்தார். மகள் கதவின் கண்ணாடிக் கண்ணால் பார்த்துவிட்டு, "சூப்பர்" என்று வாயசைத்தாள். மறுபடியும் தட்டினார். எங்கள் பெயரைத் தன்னுடைய உச்சரிப்பில் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஊரில் சுற்றிவளைப்பு நேரத்தில் அப்படி நின்றிருக்கிறோம், அப்போது மகள் என் இடுப்பில். இந்த மனிதர் எங்கள் குழாயைத் திருத்தித் தந்தவர், முந்திய வருட நத்தாருக்கு நான் கொடுத்த பலகாரத்தை முதலில் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டவர். அவருக்கு ஒளித்து நின்றோம். எலிவேற்றர் வந்து அவர் போன சத்தம் கேட்ட பிறகுதான் மகள் வாய் திறந்தாள்.

"நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்? ஏன் ஒளிக்கிறம்?"

"சத்தம் போடாதை" என்றார் அவர்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ."

நான் மூன்று கோப்பையையும் கழுவினேன். சுத்தமாக இருந்தவற்றைத்தான் கழுவினேன்.

சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்தபோது பனி கொட்டி ஓய்ந்திருந்தது. எங்கள் வீடு ஏழாம் மாடி. விறாந்தை யன்னலால் பார்த்தால் கட்டடத்தின் முன்வாசல் நேராகத் தெரியும். தேத்தண்ணியோடு நான் அங்கே நின்றபோது வாடகை லொறி ஒன்று பின்பக்கமாக வாசலுக்கு வந்தது. அந்தப் பொடியன் குதித்து இறங்கினான். இரண்டு கூட்டாளிமார். ஒரு மெத்தை, ஒரு தொட்டில், சீலையால் மூடிய தையல் மெசின். தொட்டிலை அவன் தானே தூக்கினான், மற்றவர்களைத் தொடவிடவில்லை.

"வந்திட்டினம்" என்றேன்.

என் கணவர் கோட்டைப் போட்டார். திறப்புக் கோர்வையைக் கையில் எடுத்தார். கதவடியில் போய் நின்றார். இரவு நித்திரை கொண்டிருக்கமாட்டார்; கண் இரண்டும் பழம்போல இருந்தது. மகள் வந்து கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"விலகு பிள்ளை."

"மாட்டன்."

"அந்தப் பெட்டை வயித்தோட வந்து நிக்கப் போகுது. அவையளை நான் எந்த முகத்தோட திருப்பி அனுப்புறது?"

"அவைக்கு ஒஃபிஸ் வேற வீடு குடுக்கட்டும். எங்களுக்கு ஆர் குடுப்பினம்? அப்பா, நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் நாங்கள் எங்க இருப்பம்?"

அவர் திறப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். எலிவேற்றர் ஏறுகிற சத்தம் சுவருக்குள்ளால் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் மாதக் கடைசியில் எங்கள் தளத்தில் நின்றால் என் கை செய்கிற வேலையை விட்டுவிடும். அன்று நான் எழும்பிப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். முதுகு கதவில் முட்ட நின்றேன். என் கணவர் திறப்புப் பிடித்த கையைக் கீழே போட்டார்.

எலிவேற்றர் எங்கள் தளத்தில் நிற்காமல் மேலே போனது. பிறகு இறங்கியது. பிறகும் மேலே போனது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நான்காம் தரமோ ஐந்தாம் தரமோ அது எங்கள் தளத்தில் நின்றது. கதவு தட்டப்பட்டது. பலமாக இல்லை, விரல் மடக்கி மெதுவாக.

மகள் கண்ணாடிக் கண்ணால் பார்த்தாள். "ஒரு அம்மா" என்றாள். "அந்த அண்ணாவும் நிக்கிறார். கையில ஒண்டும் இல்லை."

நான் சங்கிலியைக் கழற்றினேன்.

அறுபது வயது இருக்கும். குளிர் கோட்டுக்குக் கீழே வெள்ளையில் கரை போட்ட சீலை. பொடியனின் தாய் என்று முகம் சொன்னது. எங்களை வணங்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளுக்கு நடுவால் நேரே மாமாவின் படத்தடிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றார். பிறகு வந்து ஒரு வாழைப்பழப் பெட்டியில் இருந்துகொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார். பொடியன் கதவடியிலேயே தலை குனிந்து நின்றான்.

"பத்தாம் மாடியில ஒரு வீடு தந்திருக்கினம் எங்களுக்கு" என்றார் அந்த அம்மா. "ஒஃபிஸுக்கு ஆரோ சட்டக்காரர் ஃபோன் எடுத்தவையாம். பழைய ஆக்கள் இதிலயே இருக்கட்டும், திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்கட்டும் எண்டு நேற்றுக் காலமை மகனுக்குச் சொன்னவை. உங்களுக்கு ஃபோன் போகேல்லையாம், சூப்பர் வந்து தட்டியும் ஆள் இல்லையாம். நேற்றே போய்ச் சொல்லிப்போட்டு வருவம் எண்டுதான் இவன் நிண்டவன். நான்தான் மறிச்சனான். படத்துக்கு மாலை போட்டிருக்கு எண்டு இவன் சொன்னவன். இன்னும் துக்கம் கேக்காத செத்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில முதல்முதல் வரலாமே பிள்ளை? அதுதான் இண்டைக்கு வந்தனாங்கள்."

என் கணவர் கதவடியில் கோட்டோடு நின்றார். என் கைகள் அந்த அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தன. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பதைக் கேட்டார்.

"சொல்லுங்கோ பிள்ளை. ஐயாவுக்கு என்ன வருத்தம்? படுக்கையில கிடந்தவரோ, சடாரெண்டோ?"